மெத்தை என்று எழுதினால் மெத்தையா?

2022 பெப்ரவரி 21ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்திலிருந்து 45 கொள்கலன்கள் பிரித்தானியாவுக்குப் புறப்பட்டன. உள்ளே இருந்தது குப்பை. அங்கிருந்து வந்த குப்பைதான். 2017இலிருந்து இங்கே வந்து சேர்ந்த 263 கொள்கலன்களில் கடைசித் தொகுதியும் அத்தோடு போய்விட்டது. மொத்தம் சுமார் 3,000 தொன். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள்கூட அதைப் பெரிதாக எழுதின. ஒரு சின்ன நாடு ஒரு பெரிய நாட்டைப் பார்த்து "உன்ர குப்பையை நீயே கொண்டு போ" என்று சொன்ன கதை அது. கேட்க நல்லாத்தான் இருக்கு.

எங்களுக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அதோடு கதையை மூடிவிட முடியாது என்று நினைக்கிறோம். திருப்பி அனுப்பியது பற்றிப் பேசுகிற அளவுக்கு, அது எப்படி உள்ளே வந்தது என்பது பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, 263 கொள்கலன்கள். சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு வரக்கூடிய சாமான் இல்லை இது. கப்பலில் ஏறி, கடல் கடந்து, துறைமுகத்தில் இறங்கி, அதில் ஒரு பகுதி லொறியில் ஏறி கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வரைக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கடதாசி இருந்தது. ஒவ்வொரு கடதாசியிலும் யாரோ கையெழுத்து வைத்தார்கள். கடதாசியில் எழுதியிருந்தது: பாவித்த மெத்தைகள், கம்பளங்கள், தரைவிரிப்புகள். மீள்சுழற்சிக்காக.

கொள்கலன்களைத் திறந்தபோது மெத்தைகளோடு பிளாஸ்டிக்கும், வைத்தியசாலைக் கழிவும் இருந்தன. பிணவறைகளிலிருந்து வந்த மனித உடற்பாகங்களும் இருந்ததாகச் சுங்க அதிகாரிகள் சொன்னார்கள். இந்த விஷயம் ஊருக்குத் தெரிய வந்தது 2019 ஜூலையில்தான்.

இதில் காலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேணும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். எங்கள் சொந்தக் குப்பையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நாடே திண்டாடிய ஆண்டு அது. அதே ஆண்டில்தான் இன்னொரு நாட்டின் குப்பை கப்பலேறி இங்கே வரத் தொடங்கியது. இதைவிடக் குரூரமான பொருத்தம் கிடையாது.

சரி, ஏன் ஒருவர் குப்பையைக் கப்பலில் ஏற்றி இவ்வளவு தூரம் அனுப்ப வேணும்? கப்பல் கூலி நட்டம் இல்லையா? கணக்கைப் பார்த்தால் விளங்கும். பிரித்தானியாவில் குப்பையை நிலத்தில் புதைப்பதற்கு வரி உண்டு. 2017-18 நிதியாண்டில் சாதாரண வீதம் தொன்னுக்கு 86 பவுண் 10 பென்ஸ். 3,000 தொன்னுக்கு அந்த வரி மட்டும் இரண்டரை லட்சம் பவுணைத் தாண்டும். புதைக்கிற இடத்துக்கான கட்டணம் வேறு. வைத்தியசாலைக் கழிவு என்றால் அதைத் தனியாக எரிக்க வேணும், செலவு இன்னும் கூட. மறுபக்கத்தில், ஆசியாவிலிருந்து சாமான் ஏற்றிப் போகிற கொள்கலன்களில் கனக்க திரும்பி வரும்போது வெறுமையாக வருகின்றன. வெறுமையாக வருவதைவிடக் குறைந்த கூலிக்கு எதையாவது ஏற்றி வந்தால் கப்பல் கம்பனிக்கு லாபம். ஆக, குப்பையை ஒழுங்காக அழிப்பதைவிட அதைத் தூரத்துக்கு அனுப்புவது மலிவு. தேவைப்படுவது ஒன்றே ஒன்றுதான். குப்பைக்கு ஒரு நல்ல பெயர்.

இந்தப் பெயர் மாற்றும் வித்தை பழையது. 1986இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து ஏறத்தாழ 14,000 தொன் எரிகழிவுச் சாம்பலோடு 'கியான் சீ' என்ற கப்பல் புறப்பட்டது. எந்த நாடும் அதை இறக்க விடவில்லை. கடைசியில் ஹெய்ட்டியில் ஏறத்தாழ 4,000 தொன்னை இறக்கினார்கள். என்ன பெயரில் தெரியுமா? பசளை என்று. மீதியைக் கடலில் கொட்டினார்கள். ஹெய்ட்டியில் கிடந்த சாம்பலை 2000இல் திருப்பி எடுத்து, 2002இல் பென்சில்வேனியாவிலேயே புதைத்தார்கள். வெளிக்கிட்ட மாநிலத்துக்கே திரும்பிப் போக 16 வருடம்.

2013, 2014இல் கனடாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு 103 கொள்கலன்கள் போயின. கடதாசியில் 'மீள்சுழற்சிக்கான பிளாஸ்டிக்'. உள்ளே வீட்டுக் குப்பை, பாவித்த பம்பர்ஸ். அதில் 69 கொள்கலன்கள் 2019 மே மாத இறுதியில்தான் திருப்பி அனுப்பப்பட்டன, அதுவும் ஜனாதிபதி மட்டத்தில் சண்டை பிடித்த பிறகு. ஹெய்ட்டிக்குப் பசளை, பிலிப்பைன்ஸுக்குப் பிளாஸ்டிக், எங்களுக்கு மெத்தை.

இப்படியான ஏமாற்றுகளைத் தடுக்கத்தான் 1989இல் பாசல் சமவாயம் உருவானது. 1992இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதே ஆண்டில் இணைந்தது. பிரித்தானியாவும் அதில் ஒரு தரப்பு. சமவாயத்தின் மையமான விதி எளிமையானது: ஆபத்தான கழிவையோ வீட்டுக் கழிவையோ இன்னொரு நாட்டுக்கு அனுப்ப முதல் அந்த நாட்டிடம் எழுத்தில் கேள். அவர்கள் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் அனுப்பு. கழிவு புறப்படுகிற இடத்திலிருந்து அழிக்கப்படுகிற இடம் வரைக்கும் அதோடு ஒரு ஆவணம் போக வேணும். எந்தக் கழிவு எந்த வகை என்று பட்டியல் உண்டு. மருத்துவக் கழிவு அந்தப் பட்டியலில் முதலாவது, Y1 என்பதை 'வை 1' என்று வாசியுங்கள். வீடுகளிலிருந்து சேர்க்கிற கழிவு வை 46. பிளாஸ்டிக் கழிவுக்கான விதிகள் 2019இல் திருத்தப்பட்டு 2021 ஜனவரியிலிருந்து இறுக்கமாகின.

விதியை மீறி வந்தால் என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கிறது. 9ஆம் உறுப்புரையின்படி, ஏற்றுமதியாளரின் செயலால் நடந்த சட்டவிரோதக் கடத்தல் என்றால், ஏற்றுமதி நாட்டுக்கு அறிவித்து 30 நாட்களுக்குள் அந்த நாடு கழிவைத் திருப்பி எடுக்க வழி செய்ய வேணும். 30 நாள்! எங்களுடைய விஷயத்தில் 2019 ஜூலையில் தெரிய வந்தது. முதலாவது 21 கொள்கலன்கள் போனது 2020 செப்டெம்பரில். கடைசி 45 போனது 2022 பெப்ரவரியில். வந்த நாளிலிருந்து எண்ணினால் நாலு வருடத்துக்கு மேல்.

இடையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சுற்றாடல் நீதிக்கான மையம் 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2020 ஒக்டோபரில் நீதிமன்றம் மீதி 242 கொள்கலன்களையும் திருப்பி அனுப்பச் சொன்னது. ஒரு சிவில் அமைப்பு நீதிமன்றப் படியேறியிருக்காவிட்டால் அந்தப் பெட்டிகள் எவ்வளவு காலம் கிடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கழிவைப் பிடிக்க வேண்டிய இடம் துறைமுகம். எங்களுக்கு அது நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் முடிந்தது.

இப்ப கதவு எப்படித் திறந்து கிடந்தது என்ற கேள்விக்கு வருவோம். இது கொஞ்சம் வறண்ட விஷயம், ஆனால் முக்கியமானது இதுதான்.

2012ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நிதிச் சட்டமும், அதன் கீழ் 2013இல் வந்த வர்த்தக மைய ஒழுங்குவிதிகளும் ஒரு நோக்கத்தோடு கொண்டு வரப்பட்டன. இலங்கையை துபாய், சிங்கப்பூர் போல ஒரு வியாபார மையமாக்குவது. வெளிநாட்டிலிருந்து சாமானைக் கொண்டு வந்து, உள்ளூரில் விற்காமல், தரம் பிரித்தோ மாற்றியமைத்தோ வேறு நாட்டுக்கு அனுப்புகிற வியாபாரத்துக்குச் சலுகை. அந்தச் சலுகை வரியோடு நிற்கவில்லை. இப்படியான நிறுவனங்களுக்குச் சுங்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தும், இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்தும், செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்தும் விலக்கு கிடைத்தது. இந்த 'மெத்தைகள்' இந்த ஏற்பாட்டின் கீழ்தான் வந்தன.

கவனியுங்கள், தேசிய சுற்றாடல் சட்டத்திலிருந்து யாருக்கும் விலக்குக் கொடுக்கப்படவில்லை. ஆபத்தான கழிவுகள் பற்றிய ஒழுங்குவிதிகள் அப்போதும் இருந்தன. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, அதை வைத்துக்கொண்டு வாசலில் ஒருவர் நிற்பது வேறு. துறைமுக வாசலில் நிற்கிறவர் சுங்க அதிகாரி. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அதிகாரி இல்லை. சுங்க அதிகாரியின் கையை ஒரு சட்டம் கட்டிவிட்டால், சுற்றாடல் சட்டம் தன்பாட்டில் எழும்பி வந்து கொள்கலனைத் திறக்காது.

சுங்க விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. 2017, 2018இல் இந்தச் சரக்கில் ஏறத்தாழ 180 தொன் இங்கிருந்து இந்தியாவுக்கும் துபாய்க்கும் மீள் ஏற்றுமதி செய்யப்பட்டிருந்தது. அதாவது நாங்கள் குப்பை வந்து சேர்ந்த இடம் மட்டும் இல்லை, குப்பை தரித்துப் போகிற இடமாகவும் இருந்திருக்கிறோம். "பாவம் இலங்கை" என்று மட்டும் சொல்லிக் கடந்து போக இது விடாது.

"சரி, எல்லாக் கொள்கலனையும் திறந்து பார்த்தால் போச்சே" என்று சிலர் கேட்கலாம். அது நடக்காது. கொழும்புத் துறைமுகம் 2018இல் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. அதில் பெரும்பகுதி கப்பல் மாறிப் போகிற சரக்கு. எல்லாவற்றையும் திறந்தால் துறைமுகம் ஸ்தம்பித்துவிடும். உலகத்தில் எந்தத் துறைமுகமும் அப்படிச் செய்வதில்லை. சுங்கத்தின் கணினி ஒவ்வொரு சரக்குக்கும் ஆபத்து எவ்வளவு என்று கணித்து நிறம் போடும். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் கடதாசியைப் பார். சிவப்பு என்றால் திறந்து பார். சோதனை என்பது உண்மையில் எதைத் திறப்பது என்று தெரிவு செய்கிற வேலைதான்.

அந்தத் தெரிவு எவ்வளவு பலவீனமாக இருக்கலாம் என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரியில் துறைமுக நெரிசலைக் குறைப்பதாகச் சொல்லி 323 கொள்கலன்கள் நேரடிச் சோதனை இல்லாமல் விடுவிக்கப்பட்டன. அது பாராளுமன்றம் வரைக்கும் போன பெரிய சர்ச்சை. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் உள்ளே என்ன இருந்தது என்று அடிபட்டன. எங்களுக்கு அதில் தைக்கிற விஷயம் வேறு. நெரிசல் வந்தவுடன் முதலில் கைவிடப்படுவது சோதனை. குப்பை வியாபாரி காத்திருப்பது அப்படியான ஒரு நாளுக்குத்தான்.

அப்படியென்றால் எதைத் தெரிவு செய்வது? குப்பையைக் கண்டுபிடிக்க எப்போதும் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, காசு எந்தப் பக்கம் போகிறது? நல்ல சாமானை அனுப்புகிறவர் காசு வாங்குவார். குப்பையை அனுப்புகிறவர் காசு கொடுப்பார். சாமானையும் தந்து, அதை எடுக்கக் காசும் தந்தால் அது சாமான் இல்லை. கணக்குப் புத்தகத்தை ஒருக்கால் விரித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இரண்டாவது, எடை. 2016 ஜூலையிலிருந்து கப்பலில் ஏற்ற முதல் ஒவ்வொரு கொள்கலனின் எடையும் அளந்து உறுதிப்படுத்தப்பட வேணும் என்பது சர்வதேசக் கடல் விதி. மெத்தை இடத்தை அடைக்கும், பாரம் குறைவு. சொன்ன சாமானுக்கும் எடைக்கும் பொருந்தாவிட்டால் கேள்வி எழ வேணும். ஊடுகதிர்ப் படத்தில் சுருள்கம்பிகளுக்குப் பதிலாகப் பைகள் குவிந்து தெரிந்தால் இன்னும் பெரிய கேள்வி.

மூன்றாவது, இங்கே இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்? ஒரு பழைய மெத்தையிலிருந்து கம்பியைப் பிரித்தெடுத்த பிறகு அழுக்குப் பஞ்சும், நுரையும், துணியும் மிஞ்சும். அது எங்கே போகும்? பிரிக்கிற இயந்திரம் எங்கே? எத்தனை பேர் வேலை செய்வார்கள், அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்தில் ஒழுங்கான பதில் எழுத முடியாதவருக்கு அனுமதி கொடுக்கவே கூடாது.

கடைசிக் கேள்வியில் ஒரு மனிதப் பக்கம் இருக்கிறது. 'மெத்தை' என்று எழுதிய பெட்டியைத் திறக்கப் போவது கையெழுத்து வைத்தவர் இல்லை. நாட்சம்பளத்துக்கு வந்த ஒரு பெடியன், அல்லது ஒரு அக்கா. உள்ளே ஊசி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆபத்தான கழிவுக்குப் பொய்ப் பெயர் வைப்பது சுங்கத்தை ஏமாற்றுவதோடு முடிவதில்லை. அந்தத் தொழிலாளிக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இருந்த ஒரே தகவலையும் அது பறித்துவிடுகிறது.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும் என்று தெரியும்.

ஒரு பக்கம் சொல்லும்: "எல்லாக் கழிவு வர்த்தகத்தையும் ஒரேயடியாகத் தடை செய்யுங்கோ." உணர்ச்சியாக அது சரி. ஆனால் எங்கள் பழைய ஃபோன், கணினிப் பலகைகளில் ஒரு பகுதியும் இங்கே பிரித்தெடுக்க வசதி இல்லாததால் வெளிநாட்டுக்குத்தான் அனுமதியோடு போகிறது. அதை நிறுத்தினால் அது எங்கள் வளவுக்குள்ளேயே எரிக்கப்படும், ஈயமும் பாதரசமும் எங்கள் கிணத்துக்குள் இறங்கும். கழிவு எல்லை தாண்டுவதே குற்றம் இல்லை. பொய்ப் பெயரில் தாண்டுவதும், தாங்க முடியாத இடத்துக்குத் தாண்டுவதும்தான் குற்றம்.

மற்றப் பக்கம் சொல்லும்: "நாடு வங்குரோத்தாகிக் கிடக்கு, டொலர் வேணும், இப்படியெல்லாம் கட்டுப்பாடு போட்டால் முதலீட்டாளர் வரமாட்டார்." இந்த வாதம்தான் எங்களுக்குக் கூடப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் 2012இலும் இதே வாதம்தான். சோதனை இல்லாத கதவை நம்பி வருகிற முதலீட்டாளர் என்ன கொண்டு வருவார் என்பதைக் கட்டுநாயக்கவில் பார்த்தாயிற்று. ஒழுங்கான மீள்சுழற்சித் தொழில் செய்கிறவருக்குச் சோதனை தடையில்லை. அவருடைய கடதாசியும் பெட்டியும் பொருந்தும்.

"வெள்ளைக்காரன் குப்பை கொட்டிட்டான்" என்று மட்டும் பேசுவதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. அனுப்பியவர் குற்றவாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே பெறுநர் என்று ஒரு பெயர் இல்லாமல் எந்தக் கொள்கலனும் இந்தக் கரையில் இறங்காது. அதே 9ஆம் உறுப்புரையின் அடுத்த பந்தி, இறக்குமதியாளரின் செயலால் நடந்த சட்டவிரோதக் கடத்தல் என்றால் அந்தக் கழிவை முறையாக அழிக்கிற பொறுப்பு இறக்குமதி செய்த நாட்டுக்கு என்று சொல்கிறது. விளங்குதா? உள்ளூர்க்காரர் ஒருவரின் களவு நிரூபிக்கப்பட்டால், சட்டப்படி குப்பை எங்கள் தலையிலேயே விழலாம். அனுப்பியவரும் எடுத்தவரும் கைகோர்த்துச் செய்கிற வியாபாரத்தில், எடுத்தவரை நாட்டுப்பற்றின் பின்னால் ஒளிய விடுவது எங்களுக்கே ஆபத்து.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம்? கடைசிப் பெட்டியும் போய்விட்டதே?

ஏனென்றால் குப்பைக்கு எப்போதும் அடுத்த கதவு தேவை. 2018 ஜனவரியிலிருந்து சீனா 24 வகைக் கழிவுகளை எடுப்பதை நிறுத்தியது. அதுவரை சீனாவுக்குப் போனது மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் என்று திசை மாறியது. 2020 ஜனவரியில் மலேசியா 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பியதாக அறிவித்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கழிவு அனுப்பீட்டு விதிகள் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதன்படி 2026 நவம்பர் 21இலிருந்து பணக்கார நாடுகளின் அமைப்புக்கு வெளியே இருக்கிற நாடுகளுக்குப் பிளாஸ்டிக் கழிவை அனுப்பத் தடை. நல்ல விதி. ஆனால் உலக எல்லைகளைத் தாண்டும் கழிவில் தங்களுடைய பங்கைப் பற்றி ஐரோப்பிய ஆணைக்குழுவே சொல்கிற மதிப்பீடு, 15 முதல் 30 சதவீதம் வரையான அனுப்பீடுகள் சட்டவிரோதமாக இருக்கலாம் என்பது. சட்டப்படி போகிற கதவு மூடினால், சட்டவிரோதமாகப் போகிறவர் பெயரை மாற்றிக்கொண்டு வருவார். பிரித்தானியா இப்போது அந்த ஒன்றியத்துக்குள் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

"கொழும்புத் துறைமுகத்தில நடக்கிறதுக்கும் எங்களுக்கும் என்ன?" என்று வடக்குக் கிழக்கில் இருந்து கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேணும். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கியது. இந்திய உதவியோடு அந்தத் துறைமுகத்தை அபிவிருத்தி செய்யும் திட்டம் இருக்கிறது. திருகோணமலை பற்றிய பேச்சு எப்போதும் உண்டு. துறைமுகம் வளர வேணும், வேலை வர வேணும் என்று நாங்களும் ஆசைப்படுகிறோம். ஆனால் சரக்கு வருகிற இடத்தில் சோதனை செய்கிற ஆட்களும், ஆய்வுகூட வசதியும், சுற்றாடல் அதிகாரியும் முதல் நாளிலிருந்தே இருக்க வேணும். முதலில் துறைமுகம், பிறகு பார்ப்பம் என்றால், கட்டுநாயக்கவின் கதை எங்கள் வாசலிலும் நடக்கும்.  யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குள்தான் எங்கள் குடிதண்ணி.

எங்கள் கோரிக்கை பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நாலு விஷயம்.

ஒன்று, வர்த்தக மைய ஏற்பாட்டின் கீழ் என்ன விலக்கு இருந்தாலும், கழிவு, பாவித்த பொருள் என்ற பெயரில் வருகிற எதற்கும் அது செல்லாது என்று தெளிவாக எழுதப்பட வேணும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அப்படியான கொள்கலன் கப்பலிலேயே ஏறக்கூடாது.

இரண்டு, பாசல் சமவாயத்தின் கீழ் கொடுக்கப்படுகிற ஒவ்வொரு சம்மதமும் மூன்று மொழியிலும் இணையத்தில் போடப்பட வேணும். யார் அனுப்புகிறார், யார் எடுக்கிறார், எத்தனை தொன், எங்கே அழிக்கப்படும். ஒளிக்க ஒன்றும் இல்லாவிட்டால் இதில் என்ன கஷ்டம்?

மூன்று, கழிவை இறக்குமதி செய்கிறவர் அதைத் திருப்பி அனுப்புகிற செலவை முன்கூட்டியே பிணையாகக் கட்ட வேணும். அப்படிக் கேட்கிற உரிமையைச் சமவாயமே இறக்குமதி நாட்டுக்குத் தருகிறது. பிணைக்காசு கட்டச் சொன்னவுடனேயே பாதிப்பேர் காணாமல் போவார்கள்.

நாலு, சோதனை புறப்படுகிற துறைமுகத்தில் தொடங்க வேணும். இங்கே வந்த பிறகு ஒரு பெட்டியைப் பிடித்தால் அது வருடக்கணக்கான வழக்கு. அங்கே ஏற முதல் பிடித்தால் ஒரு லொறியைத் திருப்பி அனுப்புகிற வேலை. பாரம் சுமக்க வேண்டியவர் அனுப்புகிற நாடு. எங்கள் சுங்கத்துக்கும் அங்கத்தைய சுற்றாடல் பரிசோதகர்களுக்கும் இடையில், சர்ச்சை வந்த பிறகு எழுதுகிற கடிதத் தொடர்பைவிட நெருக்கமான ஒரு தொடர்பு வேணும். சந்தேகமான அனுப்புநரின் பெயர் கப்பல் வர முதலே இங்கே தெரிய வேணும்.

இதையெல்லாம் அரசாங்கம் செய்யும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேணும். காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. எங்கள் பீடத்தில் கட்டுரைக்கு ஒதுக்குகிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும் இதற்கு. மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதுங்கள். 2022 மார்ச்சிலிருந்து இன்று வரை கழிவு இறக்குமதிக்கு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனைக்குச் சம்மதம் கொடுக்கப்பட்டது, யாருக்கு, எந்த வகை, எத்தனை தொன்? சுங்கத்துக்கும் எழுதுங்கள். பாவித்த மெத்தை, பழைய துணி, பிளாஸ்டிக் துண்டு என்ற பெயர்களில் வந்த கொள்கலன்களில் எத்தனை நேரடியாகத் திறக்கப்பட்டன?

பதில் வந்தால் இங்கே பகிருங்கள். பதில் வராவிட்டால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு தகவல் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம், அதையும் சேர்ந்தே செய்வோம். அடுத்த முறை 'மெத்தை' என்று ஒரு பெட்டி வரும்போது, அது திறக்கப்படாமல் போகாதபடி கேள்வி கேட்க இரண்டு பேராவது முதலே ஆயத்தமாக இருக்க வேணும்.